ந.மா. என்றொரு ஆட்டக்காரர்

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். இந்த ந.மா. யாரு?"

கிரிக்கெட் லீக் செயலாளர் போனில் இப்படிக் கேட்டபோது லாண்டரியில் கூட்டம் இல்லை. ஸ்கோரக்கா கவுண்டருக்குப் பின்னால் நின்று தலையணை உறை ஒன்றை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எந்த ந.மா.?"

"பஸ் டிப்போ கிளப்பும் ஆஸ்பத்திரி கிளப்பும் ஆடின செமி ஃபைனல்க்கா. பதினோரு ரன்னுக்கு எட்டு விக்கெட்டு. அம்பது வருஷத்துல நம்ம லீக்ல அதை யாரும் தாண்டலை. எட்டும் உங்க தங்கச்சி வீட்டுக்காரரு எடுத்தது, ஊரு பூரா தெரியும். புக்குல 'மா.'ன்னு போட்டிருக்கீங்க, மாப்பிள்ளை, சரி. மீதி ரெண்டு விக்கெட்டு எடுத்தவரு ந.மா.வாம். இனிஷியலா இருக்கும்னு டிப்போவோட பழைய ஆள் பட்டியலைத் தேடினேன். ஒரு வாட்ச்மேன் பேரு பொருந்திச்சு. வீட்டுக்கே போயிட்டேன்."

"அவரு கிரிக்கெட்டே ஆடினதில்லையே!"

"அதானே. ஆனா கேட்டதும், 'ஆமா சார், லேசா ஞாபகம் இருக்கு'ன்னுட்டாரு. போட்டோ கூடக் குடுத்துட்டாரு."

லீக்குக்கு ஐம்பது வருஷம் முடிகிறது. அதற்காக வரலாறு ஒன்றைப் புத்தகமாகப் போடுகிறார்கள். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ந.மா. யார் என்பதும் தெரியும். அதைத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இருந்தும், "புக்கைக் குடுத்தனுப்புங்க, பாத்துச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

லாண்டரியில் பெயர் எழுதும் பழக்கம் கிடையாது. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், வீடு மாறுவார்கள், சட்டை மாறிப்போனால் சண்டைக்கு வருவார்கள். அதனால் காலருக்கு உள்பக்கம், அழியாத மையில் ஒரு குறி. மாடிவீட்டு டாக்டருக்கு மா.டா. மூக்குக்கண்ணாடி போட்ட வாத்தியாருக்கு மூ.வா. சொந்தக்காரர் துணி என்றால் முன்னால் ஒரு 'ந' சேர்ந்துகொள்ளும். ந என்றால் 'நம்ம'. அவளுடைய தங்கை வீட்டுக்காரர், டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர், அவளுக்கு மாப்பிள்ளை முறை. அவர் சட்டைகளின் கழுத்தில் கல்யாணம் ஆன நாள்முதல் இருப்பது ந.மா. நம்ம மாப்பிள்ளை.

அந்தக் குறி காலரிலிருந்து ஸ்கோர் புக்குக்குப் போனது அவளுடைய இருபத்தொன்பதாவது வயதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீமின் வெள்ளைத் துணி மூட்டையை எடுக்க வந்த டைம்கீப்பர் கவுண்டரிலேயே நின்றுவிட்டார்.

"அண்ணி, ஸ்கோர் எழுதற ஆளுக்கு ஜுரமாம். நீங்கதான் குறி போடற ஆளாச்சே. வந்து உக்காருங்க. பந்து விழுந்தா ஒரு புள்ளி. அவ்வளவுதான் விஷயம்."

அவ்வளவுதான் விஷயம் இல்லை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஆனாலும் சாயங்காலம் கணக்குப் பார்த்தபோது பேட்ஸ்மேன் பக்கமும் பௌலர் பக்கமும் ஒரு ரன் பிசகாமல் ஒத்துப்போயின. எதிர் டீமின் ஸ்கோரர், ஒரு பேங்க் குமாஸ்தா, தன் புத்தகத்தைத் திருத்திக்கொண்டார். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்காரர், "போயேன், கடைய நான் பாத்துக்கறேன்" என்றார். மனைவி மேல் அன்பு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ரேடியோ முழுக்கத் தன் கைக்கு வருகிறதே என்பது மறுபக்கம். இப்படியாக முப்பத்திரண்டு வருஷம்.

லீக் அப்போது நன்றாக வளர்ந்திருந்தது. தொடங்கியபோது நாலு கிளப்புகள். நாலுக்கும் சேர்த்து, பிட்ச்சில் விரிக்க ஒரே மேட், ஒரே கிட் பை. ஆளுக்கு ஒரு பேடை முன்காலில் மட்டும் கட்டிக்கொண்டு ஆடினார்களாம். அவள் வந்த காலத்தில் பன்னிரண்டு கிளப்புகள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. பந்து தொட்டிச் சுவரில் பட்டால் ரெண்டு ரன். தொட்டிக்குள் விழுந்தால் அடித்தவன் அவுட். நனைந்த பந்து காய அரைநாள் ஆகும், இருப்பதோ ஒரே பந்து என்ற காலத்தில் போட்ட சட்டம். ஆளுக்கொரு பந்து வந்த பிறகும் அதை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை.

ஸ்கோரர்களுக்கு ஒரு பள்ளிக்கூட பெஞ்சு, மேலே ஒரு தார்ப்பாய். முதல் மாதம், "பாத்துப் பேசுங்கடா, அக்கா உக்காந்திருக்காங்க" என்றார்கள். ரெண்டாவது மாதம் மறந்துவிட்டார்கள். அவளுக்குப் பிடித்தது ஒன்றுதான். அம்பயர் சைகை காட்டுவார். அவள் கையைத் தூக்கி 'எழுதிட்டேன்' என்று காட்ட வேண்டும். அதுவரை அடுத்த பந்து கிடையாது. இருபத்திரண்டு ஆம்பிளைகளும் ரெண்டு அம்பயர்களும் அவள் கை மேலே போகக் காத்திருப்பார்கள். வீட்டில் அப்படியொரு வசதி அவளுக்கு வாய்த்ததே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், டிப்போ டீமில் இன்னொரு மாப்பிள்ளை இருந்தான். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். ஒல்லியாக, பேச்சுக் குறைவாக, பந்தை மட்டும் பேசவிடுகிற ஆள். கல்யாணத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு, மாமனார் போட்ட புது வாட்சோடு பிராக்டிஸுக்கு வந்து நின்றான். "டேய், மாப்பிள்ளை வந்துட்டாருடா!" என்று யாரோ கத்த, அன்றோடு அவன் பெயர் போய்விட்டது. டீமே மாப்பிள்ளை என்றது. எதிர் டீமும் என்றது. ஊருக்கெல்லாம் மாப்பிள்ளையான அவனை ஸ்கோர் புக்கில் 'மா.' என்று எழுதினாள். தன் வீட்டு மாப்பிள்ளை அவனோடு கலந்துவிடாமலிருக்க முன்னால் ஒரு 'ந' போட்டாள். அவளைப் பொறுத்தவரை இதைவிடத் தெளிவாக எழுத முடியாது.

அந்த எட்டு விக்கெட் விழுந்தது மெக்கானிக்கின் கல்யாணம் நடந்து ஏழாவது மாதம். பதினாலாவது மாதம் அவன் மனைவி ரெண்டு பெட்டியோடு அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. காரணம் யாருக்கும் தெரியாது. கேட்கிற தைரியமும் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் 'மாப்பிள்ளை' வரவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கேப்டன், "மெக்கானிக், அந்தப் பக்கம் நீ போடு" என்றார். அவளும் புக்கில் 'மெக்.' என்று எழுதினாள். கருணையாகத்தான் செய்தார்கள். அந்தப் பெயரோடு சேர்ந்து எட்டு விக்கெட்டும் போய்விடும் என்று யாருக்குத் தோன்றும்? மூணு வருஷத்தில் அவன் ஆட்டத்தை விட்டான். கேப்டன் காலமானார். ஆஸ்பத்திரி கிளப் கலைந்தது. அவர்கள் ஸ்கோர் புக்கைக் கரையான் தின்றது. மாப்பிள்ளை எட்டு விக்கெட் எடுத்தார் என்ற பேச்சு மட்டும் ஊரில் மிஞ்சியது. ஸ்கோரக்கா மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற ஆளும் ஒருவர் மிஞ்சியிருந்தார்.

டைம்கீப்பர் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். முதல் சில வருஷம் யாராவது கேட்டால், "நல்ல மேட்ச்சு அது" என்பார். பிறகு, "நாங்க ரெண்டு பேருமா சேந்து சுருட்டினோம்" என்றார். பிறகு ஒருநாள், தங்கை மகள் பள்ளியில் முதலாவதாக வந்ததற்கு எல்லோரும் கூடிச் சாப்பிட்டபோது, முழுக்கதையும் 'நான்' என்றே வந்தது. பரிமாறிக்கொண்டிருந்த ஸ்கோரக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று நினைத்தாள். ஆனால் கதை அத்தனை அழகாக இருந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதை நடுவில் வெட்ட அவளுக்கு மனம் வரவில்லை. பிறகு வந்த ஒவ்வொரு தடவையும், போன தடவை சொல்லாததாலேயே இந்தத் தடவையும் சொல்ல முடியவில்லை. இப்போது அவர் போனைத் திறக்கிற ரகசிய எண்ணே 0811. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதால் ரகசியம் என்று சொல்வதும் சும்மா பேச்சுக்குத்தான்.

ஸ்கோர் புத்தகம் வந்தது. இரவல் போன சொந்தப் பிள்ளை திரும்பிய மாதிரி துடைத்து, கவுண்டரில் வைத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்தாள். ஆஸ்பத்திரி நாற்பத்தாறுக்கு ஆல் அவுட். மா. பதினோரு ரன், எட்டு விக்கெட். ந.மா. இருபத்தொன்பது ரன், ரெண்டு விக்கெட். உதிரி ஆறு. மேல் பாதியில் பேட்ஸ்மேன் ஒவ்வொருவரும் எப்படி அவுட் ஆனார்கள் என்ற பத்தி. விரலை வைத்து இறங்கினாள். ரெண்டாவது ஆளிடம் விரல் நின்றது. பிறகு ஐந்தாவது ஆளிடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முப்பது வருஷமாகக் கேட்ட கதையில், எப்போதும் வருகிற ஓர் இடம் இருந்தது. அது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"இந்த விஷயமாவா ஒன் தங்கச்சி வீட்டுக்குப் போற?" என்றார் வீட்டுக்காரர், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு.

"நீங்களும் வாங்களேன். துணைக்கு."

"சகலைகிட்ட இதச் சொல்லும்போது நான் அங்க எதுக்கு? நீ சொல்லிட்டு வா. அடி விழுந்தா போன் பண்ணு."

சாப்பாடு முடிகிறவரை அவள் பொறுத்தாள். பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தட்டை ஒதுக்கிவிட்டு ஆவலாக முன்னால் நகர்ந்தார் டைம்கீப்பர்.

"என்ன அண்ணி, வரலாத்துல நம்ம பக்கம் எத்தனாவது பக்கம்?"

"மாப்பிள்ளை, அந்த எக்ஸ்ரேக்காரர் அவுட் ஆனதைச் சொல்லுங்க. எப்பவும் சொல்வீங்களே."

அவருக்குக் கேட்கவா வேண்டும்! "ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற ஆளு. மலை மாதிரி இருப்பான். பந்து விளிம்புல பட்டுச்சு பாருங்க... எடது பக்கம் விழுந்தேன். தரைக்கு நாலு விரக்கடை. அள்ளிட்டேன்! கீப்பரோட க்ளவுஸ் என் முழங்கையில ஒரசிச்சு. இன்னும் அந்த எடம்..." சட்டைக் கையை மடித்தார்.

"கீப்பர் எங்க நிப்பாரு?"

"இதென்ன கேள்வி? ஸ்டம்புக்குப் பின்னால."

"பந்து போட்டவரு?"

அவர் மடித்த சட்டைக் கை மடித்தபடியே இருந்தது.

"என்ன? என்னக்கா?" என்றாள் தங்கை. அவளுக்குக் கிரிக்கெட்டில் தெரிந்ததெல்லாம் வெள்ளைச் சட்டையில் புல்கறை போகாது என்பது மட்டும்தான்.

"நீங்க கீப்பருக்குப் பக்கத்துல, ஸ்லிப்புல நின்னீங்க மாப்பிள்ளை. நீங்களே போட்டு நீங்களே ஓடிவந்து ஸ்லிப்புல பிடிக்க முடியாது. பாருங்க, 'பிடித்தது ந.மா., வீசியது மா.' ந.மா. நீங்க. என் கடைக் குறி. அந்த மா. மெக்கானிக்கு. கல்யாணமான புதுசுல அவரையும் எல்லாரும் மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவாங்க, ஞாபகம் இருக்கா?"

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பவில்லை. தலைகீழாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அந்த வாட்ச்சு... ஒல்லியா..." என்றார்.

புருஷன் முகத்தைப் பார்த்ததும் தங்கைக்குப் பொங்கிவிட்டது. "புக்குல ஆயிரம் இருக்கும். எழுதினது நீதானே!"

"நான்தான்டி எழுதினேன். அதனாலதான் நானே வந்தேன்."

"முப்பது வருஷம் சும்மா இருந்தவளுக்கு இப்ப என்ன வந்துச்சு? ரிட்டயர் ஆனதுல இருந்து அவருக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அந்த மெக்கானிக்கு வந்து கேட்டாரா? யாரு கேட்டா உன்கிட்ட?"

"பேச்சா இருந்தவரைக்கும் நம்ம வீட்டோட இருந்துச்சு. இப்ப அச்சடிக்கறாங்க. என் புக்கப் பாத்து அச்சடிக்கறாங்க."

"பெரிய புக்கு! நீ வாத்தியாரம்மா பாரு!"

இதற்குள் டைம்கீப்பர் எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். துண்டில் விரல் விரலாகத் துடைத்தார்.

"எத்தனை கேட்ச் அண்ணி?"

"நாலு. எல்லாம் ஸ்லிப்புல."

"எந்தெந்த ஆளு?"

"ரெண்டாவது, அஞ்சாவது, ஆறாவது, ஒம்பதாவது."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தங்கை வாசல்வரை வந்தாள், வழியனுப்ப அல்ல. "கொஞ்ச நாளைக்கு என்கிட்ட பேசாத" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மெக்கானிக் இப்போது சொந்தமாக ஒரு சின்னக் கடை வைத்திருந்தார், பஸ் பேட்டரிகளுக்கு. மறுநாள் போனபோது கை முழுக்கக் கிரீஸ். அவளைப் பார்த்ததும் ஸ்டூலைப் பழந்துணியால் துடைத்துப் போட்டார். அவள் சுற்றி வளைக்கவில்லை. விஷயத்தைச் சொல்லிப் புத்தகத்தைக் காட்டினாள். கிரீஸ் படாமலிருக்க ரெண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து படித்தார்.

"அவரு சொல்லிக்கறது தெரியும்க்கா. ஒருதடவ டீக்கடையில பின்னால உக்காந்திருந்தேன். என்னைப் பாக்கல. நல்லாத்தான் சொல்றாரு. நான் சொன்னா ரெண்டு வரியில முடிஞ்சிரும்."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்க? 'அந்த மாப்பிள்ளை நான்தான்'னா? அந்த வார்த்தைய என் வாயால சொல்லணுமே." கொஞ்சம் சிரித்தார். "அந்தப் பேர்ல வந்துச்சு. அந்தப் பேரோட போயிருச்சுன்னு விட்டுட்டேன்."

"புக்குல போட்டா உங்களுக்கு ஒண்ணும் வருத்தமில்லையே?"

அவர் ஒரு பேட்டரியின் மூடியைத் திருகித் திறந்தார், மறுபடி மூடினார். "மாப்பிள்ளைன்னு போடாதீங்க" என்றார். "மத்தபடி, போடுங்க. பதினோரு ரன்ல ஆறு அந்தத் தண்ணித் தொட்டில பட்டு வந்ததுக்கா. அதுவும் எழுதிருக்கா?"

எழுதியிருந்தது. மூணு இடத்தில் ரெண்டு ரெண்டாக, மேலே சின்னதாகத் 'தொ.' போட்டு. அவர் அதை விரல் வைக்காமல் கண்ணாலேயே தொட்டுப் பார்த்தார். அவர் காதுகள் சிவந்திருந்ததைக் கண்டு அவள் பேச்சை மாற்றினாள்.

"சரி, உங்க பேரச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாலு சீசன் இந்த ஆள் போட்ட ஒவ்வொரு பந்தையும் எழுதியவள், இன்றைக்குத்தான் பெயரைக் கேட்கிறாள். இனிஷியலோடு ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லவைத்து எழுதிக்கொண்டாள்.

லாண்டரிக்குத் திரும்பியதும் ஸ்கோர் புக்கில், அழிக்காமல், 'மா.' என்பதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்துப் பக்கத்தில் முழுப்பெயர் எழுதினாள். ந.மா.வுக்கும் அப்படியே. ஓரத்தில் தன் கையெழுத்து, தேதி. ஸ்கோர் புக்கில் திருத்துகிற முறை அதுதான். முதலில் எழுதியதும் தெரிய வேண்டும். இத்தனை வருஷம் மாப்பிள்ளை என்று மட்டும் எழுதிப் பழகிய கைக்குத் தங்கை புருஷனின் பெயர் யாரோ அந்நியர் பெயர் மாதிரி இருந்தது.

செயலாளர் போனில் விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் நன்றாகவே கேட்டது. "மாத்திடலாம்க்கா, மாத்திடலாம். மெக்கானிக்கு பேரைப் போட்டுடறேன். ஆனா அந்த வாட்ச்மேனுக்கு நான் என்ன பதில் சொல்ல? பேரன் பேத்திக்கெல்லாம் சொல்லிட்டாராம்!"

"இன்னும் ஒண்ணு. ஒரே இன்னிங்ஸ்ல நாலு ஸ்லிப் கேட்ச்சு. லீக்ல வேற யாராவது பிடிச்சிருக்காங்களா?"

"கேட்ச்சுக்குப் பட்டியலே போடலியேக்கா. இடமில்ல."

"வாட்ச்மேன் போட்டோ போட வச்ச இடம் இருக்குமே."

பத்து நாள் தங்கை வீட்டிலிருந்து போன் வரவில்லை. வீட்டுக்காரர் தினமும் ஒருதடவை, "சகலை என்ன செய்யறாரோ" என்று இஸ்திரிப் பெட்டியிடம் கேட்டுக்கொண்டார். துணி மட்டும் வந்தது. ரெண்டு சட்டை, ஒரு வேட்டி, வேறொருத்தர் கையில் கொடுத்தனுப்பி. காலரில் ந.மா. வழக்கம்போலத் துவைத்து, கஞ்சி போட்டு, திருப்பி அனுப்பினாள்.

பதினோராம் நாள் போன் அடித்தது. தங்கை. குரலில் கோபம் இன்னும் முழுசாக வடியவில்லை. ஆனால் அவசரம் அதற்கு முன்னால் நின்றது.

"இந்த மனுஷன் போனத் தொறக்கற நம்பர மாத்திட்டாருக்கா. என்னன்னும் சொல்லல. போன வீட்ல வச்சிட்டுக் கடைக்குப் போயிட்டாரு. கேஸ்காரன் நம்பர் அதுக்குள்ளதான் இருக்கு. கேஸு தீந்து அடுப்பு அணைஞ்சு கெடக்கு. பொண்ணோட பொறந்தநாள், என் பொறந்தநாள், கல்யாண நாள், எல்லாம் போட்டுப் பாத்துட்டேன். இன்னொரு தடவ தப்பாப் போட்டா பூட்டிக்குமாம்."

ஸ்கோரக்கா கையிலிருந்த சட்டையைக் கவுண்டரில் வைத்தாள். யோசிக்க ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒரு நொடி எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு, அஞ்சு, ஆறு, ஒம்போது. போட்டுப் பாரு."

மறுபக்கம் நாலு சின்னச் சத்தம் கேட்டது.

"தொறந்துருச்சு" என்றாள் தங்கை. மூச்சு விட்டாள். "நேத்து பக்கத்து வீட்டுக்காரரு வந்திருந்தாரு. ஒரு மணி நேரம் ஸ்லிப்பு, ஸ்லிப்புன்னு ஒரே கதை. முன்னாடி எக்ஸ்ரேக்காரன் ஒருத்தன்தான். இப்ப நாலு பேரு வர்றாங்க."

"கதை நல்லாருந்துச்சா?"

"நீளமாயிருக்கு" என்றாள் தங்கை. "சாயங்காலம் வந்தா நீயே கேட்டுக்கோ. வரும்போது நேத்து குடுத்தனுப்பின அவரு சட்டையக் கொண்டா."